ஈழத்தலரி எந்த ஊர்ப் பூ? மட்டக்களப்பு மணல் வளவுகளின் பூச்செடிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்ப் பேரகராதியிலே ஈழத்தலரி என்றொரு சொல் உண்டு. தடித்த கிளைகளும், ஒடித்தாற் பால் வடியும் தண்டும், வெண்மையும் மஞ்சளும் கலந்த நறுமணப் பூக்களும் உடைய ஒரு சிறு மரத்தை அச்சொல் குறிக்கும். கோயில் வீதிகளிலும் விகாரை முற்றங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் நாம் நாள்தோறும் காணும் மரம் அது. சிங்கள மக்கள் அதனை அரலிய என்பர். பெயரிலேயே ஈழத்தைத் தாங்கி நிற்கும் இம்மரம் ஈழத்திற்கே உரியது என்று எண்ணுதல் எவர்க்கும் இயல்பே. ஆயின் தாவரவியலார் கூறுவது வேறு. இம்மரத்தின் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் அவற்றை அடுத்த கரீபியன் தீவுகளுமாகும். கொலம்பசு 1492 இல் அட்லாந்திக்குக் கடலைக் கடந்ததன் பின்னரே அமெரிக்கத் தாவரங்கள் கீழைத்தேயங்களுக்குப் பெருமளவில் வரலாயின. எனவே ஈழத்தின் பெயரைப் பூண்ட இப்பூ, கடல் கடந்து வந்த விருந்தாளியேயாகும்.

இம்முரண்பாடே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். மட்டக்களப்பு வாவியை அடுத்த மணற்பாங்கான ஊர்களிலே, எரிக்கும் வெயிலிலும் ஆண்டுதோறும் தவறாது பூக்கும் பல்லாண்டுச் செடிகள் வீட்டு வளவுகளை அணி செய்கின்றன. செவ்வரத்தை, அலரி, ஈழத்தலரி, பட்டிப்பூ, அந்திமந்தாரை, கல்வாழை, வெட்சி, நந்தியாவட்டை, போகன்விலா எனப் பலவாறாக அவை விரியும். அவை எங்கிருந்து வந்தன? அவற்றைப் பேணியவர் யாவர்? வரலாற்று நூல்கள் அவற்றைப் பற்றிப் பேசாதிருப்பது ஏன்? இவ்வினாக்களுக்கு இயன்றவரை விடை காண்பதே இங்கு நோக்கமாகும்.

நிலமும் வெயிலும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே, வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் நிலத்தை மக்கள் எழுவான்கரை என்பர். மேற்கேயுள்ள வயல்வெளியும் காடும் சேர்ந்த பகுதி படுவான்கரை எனப்படும். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என ஒரு நிலத்தை வெயிலாலேயே பெயரிட்டு அழைத்த மக்கள் வெயிலை நன்கு அறிந்தவராகவே இருத்தல் வேண்டும்.

இப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 முதல் 1,700 மில்லிமீற்றர் வரை மழை பெய்யும். இது குறைவான மழையன்று. எனினும் அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையுள்ள வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. சித்திரைக்குப் பின்னர் வானம் வறளும். மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் ஈரத்தையெல்லாம் இழந்துவிட்ட தென்மேல் காற்று, கீழ்க்கரைக்கு வரும்போது அனற்காற்றாக வந்து சேரும். அதனைக் கச்சான் என்பது ஊர் வழக்கு. எழுவான்கரையின் மண்ணோ கடல் கொழித்த மணல். பெய்த நீரை அது தன்னகத்தே தேக்கி வைப்பதில்லை. பசளையையும் பிடித்து வைப்பதில்லை. நண்பகலில் வெறுங்காலுடன் அம்மணலில் நடப்பது அரிது.

இத்தகைய நிலத்திலே ஒரு பருவத்தில் முளைத்துப் பூத்து மடியும் மென்செடிகள் மாரி காலத்தோடு முடிந்துபோகும். வேரும் தண்டும் நிலைத்து நின்று ஆண்டுக்காண்டு பூக்கும் செடிகளே கோடையிலும் வளவை விட்டு நீங்காதவை. ஒவ்வொன்றும் வெயிலைத் தாங்குதற்கு ஒவ்வோர் உபாயம் வைத்திருக்கின்றது. அலரியின் இலை தோல்போல் தடித்தது. அதன் மூச்சுத் துளைகள் இலையின் அடிப்புறத்துக் குழிகளுள் மயிர்களால் மூடப்பெற்று ஒளிந்துள்ளமையால் நீர் எளிதில் ஆவியாகாது. ஈழத்தலரி தன் தடித்த தண்டிலே நீரைச் சேமித்து வைத்து, வறட்சி மிகும்போது இலைகளை உதிர்த்து, வெறுங்கிளையில் பூக்கும். அந்திமந்தாரை நிலத்தின் கீழே கிழங்கைப் பேணி, வெயில் தணிந்த பின்னரே இதழ் விரிக்கும். போகன்விலாவின் நிறம் பூவின் நிறமன்று. சிறு பூக்களைச் சூழ்ந்த இலைகளின் நிறமாகும். அதற்கு நீரை மிகுதியாக வார்த்தால் இலை தழைக்குமேயன்றி நிறம் காட்டாது. வேர் சற்றே காய்ந்தாற்றான் அது செழித்துப் பூக்கும். வறட்சி இச்செடிகளுக்குப் பகையாயிராது பழகிய துணையாயிருத்தல் காண்க.

வறண்ட மாதங்களிலே பூ வேண்டப்படுவதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. மட்டக்களப்புப் பிரதேசத்தின் தனிச்சிறப்புடைய வழிபாடு கண்ணகை அம்மன் வழிபாடாகும். செட்டிபாளையம், புதுக்குடியிருப்பு முதலிய ஊர்களின் கண்ணகை அம்மன் ஆலயங்களில் வைகாசித் திங்களிலே சடங்கு நிகழும். அது குளிர்த்தியுடன் நிறைவுறும். மதுரையை எரித்த தெய்வத்தின் வெம்மையைத் தணித்தலே குளிர்த்தியின் உட்பொருள். வேப்பிலையும் கமுகம்பாளையும் அச்சடங்கிற்கு உரியன. வைகாசியோ கோடை முதிர்கின்ற காலம். அக்காலத்தில் மாலைக்கும் பூசைக்கும் பூ வேண்டுமாயின், வெயிலில் வாடாது பூக்கும் செடிகள் அயல் வளவுகளிலே நின்றாக வேண்டும். இப்பிரதேசத்தின் பூச்செடித் தெரிவிலே சடங்குக் கால அட்டவணைக்கும் ஒரு பங்கு இருந்ததெனக் கருதுதல் தவறாகாது.

ஏடுகளின் மௌனம்

மட்டக்களப்பின் கடல்வழித் தொடர்புகளை வரலாற்று மாணவர் நன்கறிவர். ஒல்லாந்தக் கடலோடியான ஸ்பில்பேர்கன் 1602 இல் மட்டக்களப்பிலே கரையிறங்கிக் கண்டி மன்னனிடம் சென்றான். போர்த்துக்கேயர் 1628 இல் வாவித் தீவாகிய புளியந்தீவிலே கோட்டை கட்டினர். அக்கோட்டையை 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இலங்கையில் அவர்கள் கைக்கொண்ட முதற் கோட்டை அதுவே. பின்னர் 1795 இல் பிரித்தானியர் வந்தனர். மெதடிஸ்த சபையைச் சேர்ந்த வில்லியம் ஓல்ற் 1814 இல் மட்டக்களப்பை அடைந்து பாடசாலை தொடங்கினார்.

இவர்கள் யாவரும் கணக்கு எழுதினர். கறுவா, மிளகு, பாக்கு, யானை, நெல் என்பனவெல்லாம் அக்கணக்குகளில் இடம்பெற்றன. விலையுள்ள பொருளுக்கே ஏட்டில் இடமுண்டு. எவரோ ஒரு மாலுமி தன் பெட்டியிலே கொண்டு வந்த கிளைத் துண்டிற்குச் சுங்கம் விதிக்கப்படவில்லை. ஆகவே அது பதியப்படவுமில்லை. அன்னாசியும் கொய்யாவும் பப்பாசியும் மரமுந்திரிகையும் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கேயர் வழியாகக் கீழைத்தேயங்களுக்கு வந்தமை நூல்களிற் பேசப்படுகின்றது. அவை உண்ணும் பொருள்கள், விற்கும் பொருள்கள். அவற்றோடு வந்த பூக்களோ பேசப்படாது நின்றன.

தாவரவியல் நூல்கள் இம்மௌனத்தைச் சிறிது கலைக்கின்றன. ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக 1670களில் இலங்கையிற் பணியாற்றிய போல் ஹேர்மன் உலர்த்திச் சேர்த்த செடிகளைக் கொண்டே லின்னேயஸ் 1747 இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தம் நூலை எழுதினார். மலையாளக் கரையிலே ஒல்லாந்த ஆளுநராயிருந்த வான் றீட், 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த மலபார்ப் பூந்தோட்ட நூலைத் தொகுப்பித்தார். அந்நூலிலே மரமுந்திரிகையும் அன்னாசியும் முறையே கப்பல் மா, கப்பற் சக்கை எனப் பொருள்படும் மலையாளப் பெயர்களுடன் காணப்படுகின்றன. அவை கப்பலில் வந்தவை என்பதனை மக்கள் அப்பொழுது மறந்திலர். அதே நூலில் அந்திமந்தாரை, அந்தியில் மலர்வது என்னும் பொருளுடைய பெயரோடு விளங்குகின்றது. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. ஆயின் அதன் பெயரிலே கப்பல் இல்லை. பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே அது தான் வந்த வழியை மறக்கச் செய்து, உள்ளூர்ப் பெயர் பெற்று, உள்ளூர்ப் பூவாகிவிட்டது என்பதற்கு இஃது ஒரு சான்று.

பிரித்தானியர் காலத்திலே பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821 இல் நிறுவப்பெற்றது. அதனைத் தொடக்கிய அலெக்சாந்தர் மூன் 1824 இல் இலங்கைச் செடிகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். உள்நாட்டுச் செடிகள், வெளிநாட்டுச் செடிகள் என்ற பாகுபாடு அந்நூலின் பெயரிலேயே இடம்பெற்றுள்ளமை நோக்கற்பாலது. பின்னர் 1893 முதல் வெளிவந்த றைமனின் பெருநூல் இந்நாட்டுக்கு இயல்பாய் உரிய தாவரங்களை விரிவாக ஆராய்ந்தது. வீட்டு வளவிலே வளர்க்கப்படும் வந்தேறிச் செடி அத்தகைய ஆய்வின் எல்லைக்கு வெளியே நின்றது. சுங்க அதிகாரிக்கு அது பயனற்ற பொருள். தாவரவியலாளருக்கு அது நாட்டுக்குரியதல்லாத பொருள். இவ்வாறு இரு திறத்தாரும் கைவிட்ட வரலாற்றை அறிய வேறு சான்றுகளை நாடவேண்டியுள்ளது. அவற்றுள் முதலாவது பெயர்.

பெயர்கள் கூறுவதும் மறைப்பதும்

பெயர் எப்பொழுதும் பிறந்த ஊரைச் சொல்லுவதில்லை. பெரும்பாலும் அது இறுதியாகக் கப்பலேறிய துறையையே சொல்லும். தென்னமெரிக்கப் பயிராகிய நிலக்கடலையைத் தமிழகத்தார் மணிலாக்கொட்டை என்றனர். பிலிப்பைன் தீவுகளின் துறைமுகமாகிய மணிலாவின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. செவ்வரத்தைக்கு லின்னேயஸ் 1753 இல் இட்ட பெயர் சீன ரோசா எனப் பொருள்படும். ஆயின் சீனத்திலோ பிறிதோரிடத்திலோ அது காட்டுச் செடியாகத் தானே வளர்ந்து கண்டாரில்லை. பன்னெடுங்காலம் மனிதர் கைபட்டு உருவான செடி அது. ஈழத்தலரி என்ற பெயரையும் இவ்வாறே விளங்கிக்கொள்ளலாம். ஈழத்தில் வாழ்வோர் தம் முற்றத்து மரத்தை ஈழத்து மரம் என்று அடைகொடுத்து அழைத்திருத்தல் அரிது. ஈழத்திலிருந்து ஒரு புதிய அலரி வந்ததென அயலில் இருந்தோர் கண்டபோதே இவ்வடைமொழி தேவைப்பட்டிருக்கும். அங்ஙனமாயின் இப்பெயர் பூவின் பிறப்பைக் கூறவில்லை. அதன் பயணத்தின் ஒரு கட்டத்தைக் கூறுகின்றது எனக் கொள்ளலாம்.

பட்டிப்பூவின் வரலாறு இன்னும் வியப்பிற்குரியது. நித்தியகல்யாணி எனவும் வழங்கும் இச்செடியின் தாயகம் மடகாஸ்கார்த் தீவு. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது பாரிஸ், லண்டன் நகரப் பூங்காக்களில் வளர்க்கப்பட்டது. அங்கிருந்தும் கப்பற் பாதைகளிலிருந்தும் அது வெப்ப நாடுகளெங்கும் பரந்தது. கேட்பாரற்ற மணலிலும் கல்லறைகளின் ஓரங்களிலும் தானே விழுந்து முளைக்கும் இதனைச் சிங்கள மக்கள் மினிமல் என்பர். பிணப்பூ என்பது அதன் பொருள். கசப்பும் நஞ்சும் உடைய அதன் இலையை ஆடுமாடுகள் தீண்டுவதில்லை. அந்நஞ்சே பின்னர் மருந்தாயிற்று. கனடாவிலே மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் றொபேட் நோபிள், சார்ள்ஸ் பியர் என்னும் அறிஞர், நீரிழிவு மருந்து என்று கருதப்பட்ட இதன் இலையை ஆராய்ந்தபோது, அது குருதியின் வெண்கலங்களைக் குறைத்தல் கண்டனர். அதன் பயனாக 1958 இல் வின்பிளாஸ்ரின் என்னும் புற்றுநோய் மருந்து வெளிப்பட்டது. தொடர்ந்து கண்டறியப்பட்ட வின்கிறிஸ்ரின் சிறாரின் குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் முதன்மையான மருந்துகளுள் ஒன்றாகும். பிணப்பூ என்று பெயரிடப்பட்ட செடி குழந்தைகளின் உயிரைக் காத்தமை, பெயரை மட்டும் நம்பலாகாது என்பதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

போகன்விலா என்பது ஒரு பிரெஞ்சுக் கடற்படைத் தளபதியின் பெயர். அவர் தலைமையில் 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிய பயணத்தின்போது, பிரேசிலின் றியோ நகரருகே தாவரவியலாளராகிய கொமேர்சன் 1767 இல் இச்செடியைச் சேகரித்தார். அவருக்கு உதவியாளராக ஆண் வேடத்திற் சென்ற ஜான் பாரே என்னும் பெண்மணி, உலகைச் சுற்றி வந்த முதற் பெண் எனக் கருதப்படுகின்றார். நோயுற்றிருந்த கொமேர்சனுக்காகச் செடிகளைத் தேடிச் சுமந்தவர் அவரே. செடிக்கோ தளபதியின் பெயர் வந்தது. செடிகளைச் சுமந்த பெண்கள் பெயரற்றுப் போதல் பிரேசிலில் மட்டும் நிகழ்ந்ததன்று. மட்டக்களப்பின் பூந்தோட்ட வரலாற்றிலும் அத்தகைய பெண்களே இடம்பெறுகின்றனர்.

தாய்வழி வளவு

மட்டக்களப்புச் சமூகத்தின் தனித்தன்மைகளுள் தலையாயது தாய்வழிக் குடிமுறை. இங்கு ஒருவரின் குடி தாயின் குடியே. முக்குவர் வழக்காறுகளைத் தொகுத்துக் கிறிஸ்தோபர் பிரிற்றோ 1876 இல் நூலாக வெளியிட்டார். பெண்வழியே சொத்து இறங்கிய பழைய முறையை அந்நூல் விளக்கும். அவ்வழக்காறு சட்ட வலிமை இழந்த பின்னரும், வீடு பெண்ணுக்குரியது என்னும் கோட்பாடு நிலைத்தது. திருமணமானதும் கணவன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்வான். பெற்றோர் மூத்த மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, இளைய மகளிருடன் அருகே வேறொரு வீட்டிற்குச் செல்வர். அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு இச்சமூகத்தை ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே, 2008 இல் வெளியிட்ட தம் நூலிலே தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் இம்முறை ஒருங்கே நிலவுதலை எடுத்துக்காட்டியுள்ளார்.

சமூக ஆய்வாளர் வீட்டையும் வயலையும் நகையையும் கணக்கிட்டனர். முற்றத்துப் பூச்செடியை எவரும் கணக்கிட்டிலர். ஆயினும் வீடு மகளுக்குப் போகும்போது கிணற்றடிச் செவ்வரத்தையும் வேலியோரத்து அலரியும் உடன் போகின்றன. தாய் அடுத்த வளவிற் குடியேறும்போது அச்செடிகளின் கிளைகளை ஒடித்துச் சென்று அங்கும் நடுகின்றாள். இளைய மகளின் திருமணத்தின்போது அது மீண்டும் நிகழ்கின்றது. அக்காளின் வளவும் தங்கையின் வளவும் அருகருகே அமைவதால் ஒரே செவ்வரத்தை ஒரு தெருவெங்கும் பூக்கக் காணலாம். காத்தான்குடி, ஏறாவூர் போன்ற ஊர்களின் முஸ்லிம் வளவுகளிலே மருதோன்றிக்கும் இது பொருந்தும்.

இங்கு ஒரு தாவரவியல் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். விதையிலிருந்து முளைப்பது ஒரு புதிய செடி. கிளையிலிருந்து தழைப்பதோ பழைய செடியின் உடலே. ஈழத்தலரியின் கிளையை வெட்டி நிழலிற் சில நாள் வைத்து, வெட்டுவாய் காய்ந்த பின்னர் மணலில் ஊன்றினால் அது வேர்கொள்ளும்; பால் காயுமுன் ஊன்றினால் அழுகும். பெண்கள் கைமுறையாக அறிந்த இந்நுட்பத்தினாலேயே அம்மரம் பரவியது. எனவே இன்று ஒரு வளவில் நிற்கும் ஈழத்தலரி, நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலில் வந்திறங்கிய ஒரு கிளையின் இடையறாத தொடர்ச்சியாகவே இருத்தல் கூடும். தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு எனக் கைமாறிய அக்கிளை ஏட்டில் எழுதப்படாத ஒரு முதுசமாகும். பல்லாண்டுச் செடியும் தாய்வழி வீடும் ஒன்றையொன்று பேணின என்பதே இக்கட்டுரையாளன் துணிபு.

அடம்பனும் நாயுண்ணியும்

வந்த பூக்கள் யாவும் நலமே விளைத்தன என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். நாயுண்ணிச் செடி பேராதனைப் பூங்கா வழியாக 1826 அளவில் அலங்காரச் செடியாக இலங்கைக்கு வந்தது. மஞ்சளும் செம்மையும் கலந்த அதன் சிறு பூங்கொத்து கண்ணைக் கவர்வதே. பறவைகள் அதன் கனியைத் தின்று விதையைத் தூவ, அது வேலியைக் கடந்து காட்டினுட் புகுந்து, உள்நாட்டுச் செடிகளை நெருக்கிப் புதராய் மண்டியது. ஈழத்தலரியும் அந்நியச் செடியே. நாயுண்ணியும் அந்நியச் செடியே. முன்னது வளவில் நட்ட இடத்தில் நின்று நிழலும் பூவும் தந்தது. பின்னது அயலாரின் இடத்தையும் விழுங்கியது. ஆகவே ஒரு செடியை மதிப்பிடுதற்கு அது வந்த நாட்டை வினவுதல் போதாது. வந்த பின்னர் அது எவ்வாறு வாழ்ந்தது என்பதே அளவுகோலாதல் வேண்டும்.

இதன் மறுபுறத்தையும் நோக்குதல் தகும். எழுவான்கரையின் கடலோர மணலிலே ஊதாப்பூக்களோடு படரும் அடம்பன் கொடியை யாவரும் அறிவர். சங்கப் புலவர் அடும்பு என்று நெய்தல் நிலத்திற் கண்ட கொடி இதுவே. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே அடுக்கப்பெற்ற 99 பூக்களுள் வெட்சியும் தாழையும் போல அடும்பும் ஒன்று. நம் வளவுகளின் ஈழத்தலரிக்கும் பட்டிப்பூவிற்கும் போகன்விலாவிற்கும் அவ்வரிசையில் இடமில்லை. தொன்மையே பெருமையாயின், பூசைத் தட்டில் முதலிடம் அடம்பன் பூவிற்கன்றோ உரியது? ஆயினும் அதனை நாம் காலால் மிதித்துக் கடக்கின்றோம். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழியிலும், அடம்பனும் என்ற உம்மை அதன் எளிமையையே சுட்டி நிற்கின்றது.

அம்மிடுக்கு பொய்யன்று. கொதிக்கும் மணலிலும் உப்புக் காற்றிலும் கணுதோறும் வேரூன்றிப் படரும் அடம்பன், காற்றில் அலையும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றது. அது பிடித்து வைத்த மணலின்மேல் பிற செடிகள் காலூன்றுகின்றன. கரையோரத்தைத் துப்புரவு செய்கின்றோம் என்று அதனை அறுத்தெறியும் போது, நெய்தல் நிலத்தின் மிகப் பழைய குடியை வெளியேற்றுகின்றோம் என்பதை நினைந்து பார்ப்பார் இலர். வந்த பூவைப் பேணுதலும் இருந்த கொடியைக் காத்தலும் ஒன்றற்கொன்று மாறானவை அல்ல. வளவிலே அதற்கிடம் உண்டு. கரையிலே இதற்கிடம் உண்டு.

புயலும் அலையும்

மட்டக்களப்பு இரு பேரழிவுகளைக் கண்டது. 1978 நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளியிலே தென்னைகள் ஆயிரமாயிரமாய்ச் சாய்ந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை வாவி முகத்திற்கும் கடலுக்கும் இடையே கிடந்த நாவலடி போன்ற ஊர்களை வாரிச் சென்றது. இவ்விரண்டிற்கும் இடையிலும் பின்னரும், 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர் மக்களை மீண்டும் மீண்டும் ஊர்விட்டு ஊர் பெயர்த்தது.

ஒடிந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும் இயல்பு இப்பல்லாண்டுச் செடிகளுக்கு உண்டு. ஆதலால் கூரையும் சுவரும் அற்ற வளவுகளிலே, தூர்ந்த கிணற்றின் அருகே ஒரு செவ்வரத்தை பூத்து நின்று, இங்கொரு வீடு இருந்தது, அதில் ஒரு பெண் நீர் வார்த்தாள் என அறிவிக்கக் காணலாம். தொல்லியலார் ஓட்டையும் செங்கல்லையும் கொண்டு குடியிருப்பை உணர்வர். இவ்வூர்களிலே பூச்செடியும் ஒரு தொல்லியற் சான்றே.

நான் பிறந்தது அப்பேரலைக்குப் பின்னர். எனினும் என் அன்னையார் கூறக் கேட்டதுண்டு. அலை வடிந்து சில நாள் கழிந்தபின் அம்மம்மா தம் பழைய வளவைப் பார்க்கச் சென்றாராம். வீட்டின் அத்திவாரம் மட்டுமே எஞ்சியிருந்தது. முற்றத்து ஈழத்தலரி வேரோடு சரிந்து, இலையின்றி, மணலில் அரைவாசி புதைந்து கிடந்தது. எதனைத் தேடிச் சென்றாரோ அதொன்றும் அங்கிருக்கவில்லை. அவர் அம்மரத்தின் ஒரு கிளையை முறித்துக் கையில் எடுத்துக்கொண்டு முகாமிற்குத் திரும்பினாராம். நடுவதற்கு நிலமில்லை, கிளை கொட்டில் மூலையிலே பல கிழமை சாத்திக் கிடந்தது. பின்னர் வாவிக்கு உட்புறமாகத் திராய்மடுவிலே புதிய வீடு கிடைத்தபோது, சுவர் எழும்புமுன் அக்கிளை ஊன்றப்பட்டது. அது தழைத்தது. இன்று என் தமக்கையின் வீடு அதுவே, மரமும் அவளுடையதே. சென்ற ஆண்டு எங்கள் சிறிய தாயார் தம் மகளின் புது வளவிற்கென அதிலிருந்து ஒரு கிளை வாங்கிச் சென்றார்.

முடிவுரை

ஈழத்தலரி எந்த ஊர்ப் பூ என்பது நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினா. தாவரவியலார் மெக்சிக்கோ என்பர். அகராதி ஈழம் என்னும். இரண்டும் உண்மையே. பிறந்த இடம் ஒன்று; வேர்கொண்ட இடம் வேறொன்று. இம்மண்ணில் யார் முதலில் வந்தார் என்று கேட்டுக் கேட்டே எமது நாடு பெருவிலை கொடுத்தது. அவ்வினாவையே அளவுகோலாக வைத்து வீட்டு முற்றத்தை நோக்கின், அங்கே எஞ்சி நிற்கும் செடி மிகச் சிலவேயாகும். கோயிலுக்குப் பூத்தந்த மரமும், கல்லறைக்கு நிழல் தந்த மரமும், விகாரைக்கு மணம் தந்த மரமும் ஒருங்கே வெட்டுண்டு போகும்.

மட்டக்களப்பின் பெண்கள் இவ்வினாவை எழுப்பியதில்லை. அவர்கள் கேட்டது ஒன்றே: இச்செடி இம்மணலிலும் இவ்வெயிலிலும் நிற்குமா? நின்றதைப் பேணினர், பேணியதைப் பகிர்ந்தனர், பகிர்ந்தது ஊர்ப் பூவாயிற்று. அவர்களது வரலாறு ஏட்டில் இல்லை. ஆயின் இன்னும் உயிரோடு இருக்கின்றது. எந்தச் செடி எவரிடமிருந்து வந்தது என்பதை நினைவிற் கொண்ட முதியோர் நம் ஊர்களில் இன்றும் வாழ்கின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் அம்மம்மாவின் அருகே அமர்ந்து, முற்றத்துச் செடி ஒவ்வொன்றும் வந்த வழியைக் கேட்டு எழுதி வருவராயின், எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடையாத ஒரு வரலாறு நமக்குக் கிட்டும். கேட்பதற்கு உரிய காலம் நீண்டதன்று. செடி பல்லாண்டு வாழும். அதன் கதையை அறிந்தவர் அத்துணைக் காலம் இருப்பாரல்லர்.